இரவு மாத்திரையும் இரவுத் தூக்கமும்

பார்க்கின்சன் நோயுள்ள மூத்தோருக்கும் அவர்களைப் பராமரிக்கும் குடும்பத்தினருக்கும் சமூக மன்றம் ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்



மழையையும் பொருட்படுத்தாமல் வந்திருக்கிறீர்கள். கைத்தடியோடும் சக்கர நாற்காலியிலும் முன்வரிசையில் அமர்ந்திருக்கும் ஐயாக்களுக்கும் அம்மாக்களுக்கும், அவர்களுக்குத் துணையாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கும் என் நன்றி.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவர் அல்ல. மொழிபெயர்ப்பாளர். பல்கலைக்கழகத்தில் மொழிகளைப் படித்துவிட்டு, சுகாதாரத் தகவல் தாள்களைத் தமிழில் எழுதும் வேலைக்கு வந்தவள். பலதுறை மருந்தகத்தில் உங்கள் கையில் கொடுக்கிறார்களே, நான்காக மடித்த தாள், அதைப் போன்றவற்றைத் தமிழில் எழுதுவதுதான் என் தொழில். இன்று நான் பேசப்போவது அந்தத் தாள்களிலிருந்தும், என் பெரியப்பாவைக் கவனித்துவரும் மருத்துவர், தாதி, மருந்தாளர் ஆகியோரிடமிருந்தும் தெரிந்துகொண்டவை. கூடவே, எங்கள் குடும்பம் செய்த சில தவறுகளையும் சொல்லப்போகிறேன். பெரியப்பாவின் சம்மதத்தோடுதான் சொல்கிறேன்.

"நல்லாத்தான் தூங்குறேன்"

பெரியப்பாவுக்கு 74 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பெரியம்மாவோடு மூவறை வீட்டில் இருக்கிறார். எட்டு ஆண்டுகளாக அவருக்குப் பார்க்கின்சன் நோய். நம்மில் சிலர் இதை நடுக்குவாதம் என்றும் உதறுவாதம் என்றும் சொல்வோம். பெரியப்பாவுக்கு நடுக்கம் குறைவு. உடல் இறுக்கமும் மெதுவான அசைவும்தான் அதிகம்.

ஒரு முறை அவரோடு மருத்துவச் சந்திப்புக்குப் போயிருந்தேன். மருத்துவர் ஆங்கிலத்தில், தூக்கம் எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான் தமிழில் கேட்டேன். பெரியப்பா, "நல்லாத்தான் தூங்குறேன்" என்றார். பெரியம்மா ஒன்றும் சொல்லாமல் சுவரில் இருந்த படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியப்பா சொன்னதை நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். மருத்துவர் கணினியில் பதிந்துகொண்டார். அடுத்த நான்கு மாதத்துக்கு அதே மருந்து, அதே அளவு.

திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் பெரியம்மா என் காதருகே சொன்னார்: "மூணு மணிக்கு மேல கண்ணே மூடுறதில்லம்மா. அவரும் தூங்குறதில்ல, நானும் தூங்குறதில்ல." அதை ஏன் மருத்துவரிடம் சொல்லவில்லை என்று கேட்டேன். "சொன்னா இன்னும் ரெண்டு மாத்திரை கூட எழுதுவாரு. இருக்கிறதே போதும்" என்றார்.

இங்கே எத்தனை பேர் வீட்டில் இதே பேச்சு நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. கை தூக்கச் சொல்லப்போவதில்லை. ஆனால் அந்தப் பதிலால் எங்கள் வீட்டில் என்ன நடந்தது என்பதை நீங்கள் கேட்க வேண்டும்.

தூக்கம் கெடுவது நோயின் ஒரு பகுதி

லண்டனில் இருந்த ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் 1817இல் இந்த நோயைப் பற்றி ஒரு சிறு நூல் எழுதினார். அவர் பெயரால்தான் நோய்க்கு இந்தப் பெயர். அந்த நூலிலேயே, நோய் முற்றும்போது தூக்கம் கெடுவதை அவர் குறித்திருக்கிறார். ஆகவே, இரவில் விழித்திருப்பதை வெறும் வயதான கோளாறு என்றோ, மனக்கவலை என்றோ ஒதுக்கிவிட வேண்டாம். நடுக்கத்தையும் தள்ளாட்டத்தையும் மருத்துவரிடம் சொல்வதுபோல் தூக்கத்தையும் சொல்ல வேண்டும்.

நம் மூளையில் டோபமின் என்றொரு பொருள் சுரக்கிறது. கை கால் நினைத்தபடி அசைய அது வேண்டும். இந்த நோயில் அதைச் சுரக்கும் உயிரணுக்கள் குறைந்துகொண்டே போகின்றன. நீங்கள் சாப்பிடும் லெவோடோபா என்ற மருந்து மூளைக்குள் போய் டோபமினாக மாறுகிறது. மடோபார், சினமெட் என்று பெட்டியில் பெயர் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் இருப்பது லெவோடோபாதான், ஒரு துணை மருந்தோடு.

லெவோடோபா உடலில் நெடுநேரம் தங்காது. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நோய் வந்த புதிதில் மூளை டோபமினைச் சேமித்து வைத்துக்கொள்ளும், அதனால் ஒரு மாத்திரையின் பலன் அடுத்த வேளை வரைக்கும் நிற்கும். ஆண்டுகள் போகப்போக அந்தச் சேமிப்பு குறையும். மாத்திரை போட்டால் உடல் இளகும், சில மணி நேரத்தில் மறுபடியும் இறுகும்.

"அளவு" என்றால் என்ன?

என் தொழில் சார்ந்த ஒரு விஷயம் சொல்கிறேன். தாள்களில் நாங்கள் "மருந்தளவு" என்று எழுதுகிறோம். படிப்பவர்கள் அதை எத்தனை மாத்திரை என்று மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். பார்க்கின்சன் நோயைப் பொறுத்தவரை எத்தனை மாத்திரை என்பது பாதிச் செய்திதான். எத்தனை மணிக்கு என்பது மீதிப் பாதி.

"ஒரு நாளைக்கு மூன்று வேளை" என்று எழுதியிருந்தால் நமக்கு உடனே நினைவுக்கு வருவது காலைப் பசியாறல், மதியச் சாப்பாடு, இரவுச் சாப்பாடு. பெரியம்மாவும் அப்படித்தான் செய்தார். காலை 8 மணி, மதியம் 1 மணி, இரவு 7 மணி. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 மணிக்கும் 1 மணிக்கும் இடையில் ஐந்து மணி நேரம். 1 மணிக்கும் 7 மணிக்கும் இடையில் ஆறு மணி நேரம். இரவு 7 மணியிலிருந்து மறுநாள் காலை 8 மணி வரை பதின்மூன்று மணி நேரம்! பகலில் ஆறு மணி நேரத்துக்குக்கூடத் தாங்காத மருந்து, இரவில் பதின்மூன்று மணி நேரத்துக்கு எப்படித் தாங்கும்?

பெரியப்பா ஒன்பது மணிக்குப் படுப்பார், தூங்கிவிடுவார். நள்ளிரவுக்குள் மருந்தின் பலன் தீர்ந்துவிடும். மூன்று மணிக்கு விழிப்பு வரும்போது உடல் பலகைபோல் இறுகியிருக்கும். புரண்டு படுக்க முடியாது. சிறுநீர் முட்டும், எழுந்திருக்க முடியாது. கால் விரல்கள் மடங்கி இழுத்துக்கொள்ளும். அப்புறம் எங்கே தூங்குவது?

ஒரே தூக்கமின்மை, இரண்டு எதிரெதிர்க் காரணங்கள்

இன்று நீங்கள் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டிய செய்தி இதுதான். பார்க்கின்சன் நோயுள்ளவர் இரவில் தூங்காமல் இருப்பதற்கு, இரவில் மருந்து போதாமல் இருப்பதும் காரணமாக இருக்கலாம். மருந்து அதிகமாக இருப்பதும், தவறான நேரத்தில் போடுவதும் காரணமாக இருக்கலாம். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஆனால் இரண்டுக்கும் செய்ய வேண்டியது நேர் எதிர்.

மருந்து போதவில்லை என்றால் பெரும்பாலும் இப்படி இருக்கும்: படுக்கையில் புரள முடியாது, உடல் இறுகும், கால் பிடித்து இழுக்கும், நடுக்கம் எழுப்பிவிடும், காலையில் முதல் மாத்திரை வேலை செய்யும்வரை எழுந்திருக்கவே முடியாது.

மருந்து அதிகமானாலோ, நேரம் தவறினாலோ பெரும்பாலும் இப்படி இருக்கும்: படுத்தும் தூக்கம் வராது, கை கால் தானாக நெளியும், கனவுகள் உண்மைபோல் வந்து மிரட்டும், அறையில் இல்லாத ஆட்களோ பூச்சிகளோ தெரியும், பகலில் உட்கார்ந்த இடத்திலேயே கண் சொக்கும்.

இவற்றுள் சில, நோயினாலேயே வரலாம். வேறொரு மருந்தினாலோ, சிறுநீர்த் தொற்றினாலோகூட வரலாம். ஆகவே இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு வீட்டிலேயே முடிவுகட்ட வேண்டாம். எது காரணம் என்று பிரித்துப் பார்க்க வேண்டியவர் மருத்துவர். அவர் இரவில் உங்கள் அறையில் இருப்பதில்லை. நீங்கள் சொன்னால்தான் அவருக்குத் தெரியும்.

எங்கள் வீட்டில் நடந்தது

நாங்கள் சொல்லவில்லை. பெரியம்மாவே வைத்தியம் செய்ய ஆரம்பித்தார். பகலில் மாத்திரை போட்டால் உடல் இளகுகிறது, அப்படியானால் நடுநிசியில் அரை மாத்திரை கொடுத்தால் என்ன என்று நினைத்தார். கொடுத்தார். முதல் சில நாள் பெரியப்பா புரண்டு படுத்தார், பெரியம்மாவுக்கும் நிம்மதி.

இரண்டு வாரம் கழித்து, பெரியப்பா அலமாரிப் பக்கம் கைகாட்டி, "யார் வீட்டுப் பிள்ளைங்க இங்க நிக்குது?" என்று கேட்கத் தொடங்கினார். பெரியம்மா பயந்துபோய் விபூதி பூசிவிட்டார், சாமி விளக்கை இரவெல்லாம் எரியவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை. புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் பேசுமே என்ற கூச்சம். பிறகு, மருந்துதான் அதிகமாகிவிட்டது போலிருக்கிறது என்று அவருக்கே தோன்றியது. நடுநிசி அரை மாத்திரையை நிறுத்தியதோடு விடாமல், மருத்துவர் எழுதிய இரவு 7 மணி மாத்திரையையும் சேர்த்து நிறுத்திவிட்டார்.

மூன்றாம் நாள் விடியற்காலை ஐந்து மணிக்குப் பெரியப்பா கழிவறை வாசலில் விழுந்தார். எலும்பு முறியவில்லை. புருவத்தில் ஐந்து தையல்.

பெரியம்மாவைக் குறை சொல்ல நான் இதைச் சொல்லவில்லை. அவர் செய்த ஒவ்வொன்றிலும் ஒரு காரணம் இருந்தது. மாத்திரை குறைவு என்று நினைத்தபோது கூட்டினார், அதிகம் என்று நினைத்தபோது குறைத்தார். ஆனால் இந்த மருந்தைத் திடீரென்று கூட்டுவதும் ஆபத்து, திடீரென்று நிறுத்துவது அதைவிட ஆபத்து. திடீரென நிறுத்தினால் உடல் கடுமையாக இறுகி, அதிகக் காய்ச்சலும் குழப்பமும் வந்து, உயிருக்கே ஆபத்தாகலாம். பெரியப்பா தப்பித்தது எங்கள் நல்ல நேரம்.

தவறான கட்டத்தில் ஒரு மாத்திரை

பெரியப்பாவின் மாத்திரைப் பெட்டியைத் தாதி திறந்து பார்த்தபோது இன்னொன்றும் தெரியவந்தது. அவருக்குச் செலிஜிலின் என்ற மருந்தும் உண்டு. அது டோபமின் சீக்கிரம் அழியாமல் காக்கும். ஆனால் தூக்கத்தைக் கெடுக்கக்கூடியது என்பதால், வழக்கமாக அதைக் காலையில் போடச் சொல்வார்கள். உறையின் மேல் ஆங்கிலத்தில், ஒரு நாளைக்கு ஒரு முறை, காலையில் என்று எழுதியிருந்தது. பெரியம்மாவுக்கு ஆங்கிலத்தில் எண்கள் தெரியும், சொற்கள் தெரியாது. "ஒன்று" என்பது புரிந்தது, "காலை" என்பது புரியவில்லை. கொழுப்பு மாத்திரையும் ஒன்று, அது இரவில், ஆகவே இதையும் இரவுக் கட்டத்தில் போட்டு வந்திருக்கிறார். எத்தனை மாதமாக என்று அவருக்கே நினைவில்லை.

ஊருக்கெல்லாம் மருந்துத் தாள் மொழிபெயர்ப்பவள் நான். என் சொந்தப் பெரியம்மாவின் மருந்து உறையை ஒரு நாளும் வாங்கிப் படித்துச் சொன்னதில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. இங்கே வந்திருக்கும் பிள்ளைகளிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான். இன்று வீட்டுக்குப் போனதும் அப்பா அம்மாவின் மருந்து உறைகளை எடுத்து, ஒவ்வொன்றின் மேலும் தமிழில் பெரிய எழுத்தில் நேரத்தை எழுதுங்கள். பிள்ளைகள் அருகில் இல்லாத மூத்தோர், மருந்து வாங்கும் இடத்தில் மருந்தாளரிடம் கேளுங்கள். புரியவில்லை என்று சொல்வதில் குறைச்சல் ஏதுமில்லை.

நாள்காட்டித் தாளில் பதினான்கு இரவுகள்

அந்தத் தாதி எங்களிடம் கேட்டது பெரிய காரியம் எதுவும் அல்ல. அடுத்த சந்திப்புக்கு முன் இரண்டு வாரத்துக்கு எழுதி வாருங்கள் என்றார். பெரியப்பாவால் எழுத முடியாது, இந்த நோயில் எழுத்து வரவரச் சிறுத்துக்கொண்டே போகும். பெரியம்மாதான் எழுதினார், தமிழில், நாள்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில். ஒவ்வொரு நாளும் எழுத வேண்டியவை இவைதான்:

ஒன்று, ஒவ்வொரு மாத்திரையும் எத்தனை மணிக்குப் போட்டது. வேளையை அல்ல, மணியை எழுதுங்கள்.

இரண்டு, மாத்திரையை ஒட்டிச் சாப்பிட்டதும் குடித்ததும்.

மூன்று, எத்தனை மணிக்குப் படுத்தது, எத்தனை மணிக்கு விழித்தது, ஏன் விழித்தது. இறுக்கமா, வலியா, சிறுநீரா, கெட்ட கனவா, காரணமே இல்லையா?

நான்கு, காலையில் எழும்போது உடல் எப்படி இருந்தது.

ஐந்து, பகலில் எப்போது, எவ்வளவு நேரம் கண் அசந்தது.

பெரியம்மா எழுதிய ஒரு நாள் குறிப்பு இப்படி இருந்தது: "ராத்திரி 7 மணி மாத்திரை. 9 மணி பால். 9.30 படுத்தார். 2.50 முழிப்பு, திரும்ப முடியல, நான் திருப்பி விட்டேன். 4 மணி ஒண்ணுக்கு. தூங்கல. காலைல கால் விரல் மடங்கிருச்சு." அவ்வளவுதான். அழகான தமிழ் தேவையில்லை. மணியும் நடந்ததும் இருந்தால் போதும்.

பதினான்கு தாள்களையும் நான் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்தேன். மருத்துவர் ஒவ்வொன்றாகப் படித்தார். விழிப்பு ஏறக்குறைய ஒரே நேரத்தில் வருவதையும், ஒவ்வொரு முறையும் இறுக்கத்தோடு வருவதையும் பார்த்தார். செலிஜிலினைக் காலைக்கு மாற்றியது சரிதான் என்றார். படுக்கும் நேரத்துக்கு, மெதுவாகக் கரைந்து நெடுநேரம் வேலை செய்யும் வகை லெவோடோபா ஒன்றைச் சேர்த்தார். பகல் மாத்திரைகளின் நேரத்தைச் சற்று முன்பின் ஆக்கினார். பெரியம்மா பயந்ததுபோல் மாத்திரை மூட்டையாகிவிடவில்லை. ஒன்று கூடியது, ஒன்று இடம் மாறியது.

இது பெரியப்பாவுக்குப் பொருந்திய வழி. உங்களுக்கு வேறாக இருக்கும். சிலருக்கு இரவு மருந்தைக் குறைப்பார்கள், சிலருக்கு வேறு மருந்துக்கு மாற்றுவார்கள். ஆகவே பெரியப்பாவுக்குக் கொடுத்ததை எனக்கும் கொடுங்கள் என்று கேட்காதீர்கள். பெரியம்மா எழுதியதுபோல் நீங்களும் எழுதிக்கொண்டு போங்கள்.

மருந்தின் அளவைச் சத்தமில்லாமல் மாற்றுபவை

நீங்கள் மாத்திரையைக் கூட்டாமலும் குறைக்காமலும் இருந்தாலும், வேறு சில பொருள்கள் அதன் பலனை மாற்றிவிடும்.

பால். தூக்கம் வர ஒரு டம்ளர் சூடான பால் குடிப்பது நம் பழக்கம். பாலிலும் தயிர், பருப்பு, முட்டை, மீன், இறைச்சி ஆகியவற்றிலும் புரதம் அதிகம். லெவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும், அங்கிருந்து மூளைக்கும் போகும் அதே வழியில்தான் புரதச் சத்தும் போகிறது. இரண்டும் ஒரே நேரத்தில் போனால் நெரிசல், மருந்து பின்தங்கிவிடும். அதனால்தான் பெரும்பாலோருக்குச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ போடச் சொல்கிறார்கள். தண்ணீரோடு போடுங்கள். குமட்டல் வந்தால், ஓரிரு பிஸ்கட்டோடு போடலாமா என்று மருந்தாளரிடம் கேளுங்கள். புரதத்தையே விட்டுவிட வேண்டாம், உடல் மெலிந்துவிடும். நேரத்தைப் பிரித்தால் போதும்.

இரும்புச் சத்து மாத்திரை. இதுவும் லெவோடோபாவைச் சரியாகச் சேரவிடாது. இரண்டுக்கும் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று மருந்தாளரிடம் கேளுங்கள்.

கடையில் வாங்கும் சளி, இருமல், அரிப்பு மருந்துகள். தூக்கம் வருகிறதே என்று சிலர் இவற்றை இரவில் போட்டுக்கொள்கிறார்கள். இவற்றுள் சில மூத்தோருக்குக் குழப்பத்தையும் சிறுநீர் அடைப்பையும் உண்டாக்கும். செலிஜிலின் போன்ற மருந்தோடு சில இருமல், மூக்கடைப்பு மருந்துகள் சேரவே கூடாது. வாங்கும்முன் எனக்குப் பார்க்கின்சன் இருக்கிறது என்று சொல்லுங்கள். வாந்திக்காக வேறொரு மருந்தகத்துக்குப் போனாலும் இதைச் சொல்லுங்கள். சில வாந்தி மருந்துகள் இந்த நோயை மோசமாக்கும்.

பூனைக்காலி விதை. நாட்டு மருந்துக் கடையில் பொடியாகக் கிடைக்கும். இதைப் பற்றி இழிவாகப் பேச நான் வரவில்லை. இந்த விதையில் உண்மையிலேயே லெவோடோபா இருக்கிறது. சென்னையில் ஆய்வு செய்த தாமோதரன், ராமசாமி என்ற இருவர் அதை இந்த விதையிலிருந்து பிரித்தெடுத்து 1937இல் அறிவித்தார்கள். கவனிக்க வேண்டிய காரணமும் அதுதான். மாத்திரையோடு பூனைக்காலிப் பொடியும் சாப்பிட்டால், நீங்கள் அறியாமலே மருந்தளவைக் கூட்டுகிறீர்கள். ஒரு கரண்டிப் பொடியில் எவ்வளவு இருக்கிறது என்பதும் ஒரே மாதிரி இருக்காது. சாப்பிடுகிறவர்கள் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

சொல்லக் கூச்சப்படும் மூன்று விஷயங்கள்

கனவில் அடிப்பது. தூக்கத்தில் கத்துவது, உதைப்பது, பக்கத்தில் படுத்திருப்பவரை அடித்துவிடுவது. கனவு காணும் நேரத்தில் உடல் அசையாமல் இருக்க வேண்டும், இந்த நோயில் சிலருக்கு அந்தக் கட்டுப்பாடு தளர்ந்துவிடுகிறது. நடுக்கம் தொடங்குவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே இது வரலாம். அது கோபமோ குணக்கேடோ அல்ல. சிகிச்சை உண்டு. அதுவரை கட்டிலருகே கண்ணாடி, மேசை முனை போன்றவற்றை அகற்றுங்கள். தேவைப்பட்டால் தனிப் படுக்கையில் படுங்கள்.

இல்லாததைப் பார்ப்பது. இது பைத்தியமும் அல்ல, பேயும் அல்ல. நோயாலும் மருந்தாலும் வரக்கூடியது. சாமி விளக்கு ஏற்றுங்கள், தவறில்லை. மறுநாள் காலையில் மருந்தகத்துக்கும் தொலைபேசியில் சொல்லுங்கள்.

பகலில் திடீரென்று தூங்கிவிடுவது. பிரமிபெக்சோல், ரோபினிரோல் போன்ற மருந்துகளால் சிலருக்கு முன்னறிவிப்பே இல்லாமல் தூக்கம் வந்துவிடும். அப்படி ஒரு முறை நடந்திருந்தாலும் மருத்துவரிடம் சொல்லும்வரை வாகனம் ஓட்டாதீர்கள்.

படுக்கையறையில் செய்யக்கூடியவை

கழிவறை வரை சிறு இரவு விளக்குப் போடுங்கள். வழியில் கால்மிதியடி வேண்டாம். எழுந்தவுடன் நிற்காமல் கட்டில் ஓரத்தில் சற்று நேரம் உட்காருங்கள், இந்த நோயிலும் மருந்தாலும் எழும்போது இரத்த அழுத்தம் இறங்கி மயக்கம் வரலாம். சிறுநீர்ப் புட்டியைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். வழுவழுப்பான துணியில் இரவு உடை இருந்தால் புரள்வது சுலபம். மாலைக்குப் பிறகு காப்பி, தேநீர் குறையுங்கள். பகல் தூக்கத்தைச் சிறியதாக வைத்துக்கொண்டு, காலை வெயிலில் கொஞ்சம் நடங்கள்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

அதிகக் காய்ச்சலோடு உடல் இறுகினால், திடீரென்று ஆளே அடையாளம் தெரியாத குழப்பம் வந்தால், விழுந்து தலையில் அடிபட்டால், விழுங்க முடியாமல் மருந்தே உள்ளே போகவில்லை என்றால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்க வேண்டாம். உடனே மருத்துவ உதவி நாடுங்கள். அவசரமென்றால் 995 எண்ணை அழையுங்கள். மருத்துவமனைக்குப் போகும்போது மருந்துகளையும், அவற்றின் மணி எழுதிய தாளையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

கூட்டத்தில் கேட்கப்பட்ட கேள்விகள்

ஒரு வேளை மறந்துவிட்டால் அடுத்த வேளையில் இரண்டாகப் போடலாமா?
வேண்டாம், ஐயா. நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் மறந்ததை விட்டுவிடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போடாதீர்கள். அடிக்கடி மறந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

விழுங்கக் கஷ்டமாக இருக்கிறது. பொடித்துக் கொடுக்கலாமா?
மெதுவாகக் கரையும் வகையைப் பொடிக்கவோ, மெல்லவோ, உறையைத் திறக்கவோ கூடாது. இரவு முழுவதற்குமான மருந்து ஒரேயடியாக இறங்கிவிடும். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் வகைகள் உள்ளன. மருந்தாளரிடம் கேளுங்கள், அம்மா.

பக்கத்து வீட்டு அம்மா சாப்பிடும் தூக்க மாத்திரையில் பாதி வாங்கிப் போட்டேன், நன்றாகத் தூக்கம் வந்தது. தொடரலாமா?
வேண்டாம். தூக்க மாத்திரை தள்ளாட்டத்தைக் கூட்டும், இரவில் விழவைக்கும். தூக்கத்துக்கு மருந்து தேவையா, எது தேவை என்பதை உங்கள் மருத்துவர் முடிவு செய்யட்டும்.

புரட்டாசி சனிக்கிழமை விரதம் இருக்கலாமா?
உங்கள் மருத்துவரிடம் முன்கூட்டியே கேளுங்கள். விரதத்துக்காக மாத்திரையை மட்டும் நிறுத்தாதீர்கள். மருந்தைத் தண்ணீரோடு போடுவதால் விரதம் கெடாது என்றுதான் எங்கள் வீட்டில் எடுத்துக்கொண்டோம்.

நிறைவாக

பெரியப்பா இப்போது எப்படி இருக்கிறார் என்று கேட்பீர்கள். நோய் குணமாகவில்லை. இரவில் ஒரு முறை விழிக்கிறார். ஆனால் தானாகப் புரண்டு படுக்கிறார். அலமாரிப் பக்கம் நின்ற பிள்ளைகள் இப்போது வருவதில்லை. பெரியம்மா அடுத்த அறையில் தொடர்ந்து ஐந்து மணி நேரம் தூங்குகிறார். மாதத்தில் ஒரு வாரம் இன்னும் நாள்காட்டித் தாளில் எழுதுகிறார்.

போன சந்திப்பில் மருத்துவர் மறுபடியும் கேட்டார், தூக்கம் எப்படி என்று. பெரியப்பா வாயைத் திறப்பதற்குள் பெரியம்மா கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து என்னிடம் நீட்டி, "இத சொல்லும்மா" என்றார்.

உங்கள் அடுத்த சந்திப்புக்கும் அதுபோல் தாள்களோடு போங்கள். மாத்திரையை நீங்களாகக் கூட்டாதீர்கள், குறைக்காதீர்கள், நிறுத்தாதீர்கள். இரவில் நடந்ததை மணியோடு எழுதுங்கள். தமிழில் எழுதினால் போதும். அதை ஆங்கிலத்தில் சொல்ல ஒரு பிள்ளையோ, பேரனோ, தாதியோ கிடைப்பார்கள்.